ஹப்பானுக்குக் கிடைத்த மூன்று நாட்கள்: வாணிபத்தில் மறுசிந்தனைக்குரிய அவகாசம்

மதீனாவில் வாழ்ந்த அன்ஸாரித் தோழர் ஒருவர், தலையில் பட்ட காயத்தால் அறிவின் கூர்மையும் நாவின் தெளிவும் குன்றியிருந்தார். ஆயினும் கொடுக்கல் வாங்கலில் அவருக்கிருந்த நாட்டம் குன்றவில்லை. வாங்கும் இடமெல்லாம் அவர் ஏமாந்து வருவதைக் கண்ட குடும்பத்தார், அவர் வாணிபம் செய்வதற்குத் தடை விதிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, வாணிபத்தை விட்டுவிடுமாறு கூறினார்கள். தம்மால் அது இயலாது என்றார் அவர். அவ்வாறாயின், பொருள் வாங்கும்போது 'லா கிலாபா', அதாவது 'ஏமாற்று இருத்தலாகாது' எனச் சொல்லிவிடுமாறு அண்ணலார் பணித்தார்கள்.

இந்நிகழ்ச்சியின் சாரம் இப்னு உமர் (ரலி) அவர்களின் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. குடும்பத்தாரின் முறையீட்டை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். அத்தோழர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்பர் சிலர். அவர்தம் தந்தை முன்கித் இப்னு அம்ரு (ரலி) என்பர் வேறு சிலர். நாத் தடுமாற்றத்தால் அவர் அச்சொல்லை 'லா கியாபா' என்றே உச்சரித்து வந்தார் என்னும் செய்தியையும் முஸ்லிம் நூல் காத்து வைத்திருக்கிறது. இப்னு மாஜா, பைஹகீ முதலியோரின் அறிவிப்புகளில் இன்னொரு கூறும் உண்டு: வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் மூன்று இரவுகள்வரை, வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ அவருக்கு உரிமை அளிக்கப்பட்டது.

குடும்பத்தார் வேண்டியது தடை. அவருக்குக் கிடைத்ததோ அவகாசம். ஏமாறுகிறவரைச் சந்தையிலிருந்து விலக்குவது எளிது. அவர் சந்தையிலும் இருக்க வேண்டும், இழப்பிலிருந்தும் காக்கப்பட வேண்டும் என எண்ணும்போதுதான் சட்டத்திற்கு நுட்பம் தேவைப்படுகிறது. இஸ்லாமிய வாணிபச் சட்டத்தில் 'கியார்' எனப்படும் தெரிவுரிமையின் வரலாற்றை இக்கோணத்திலிருந்து நோக்குதல் தகும்.

இமாம்களின் ஆய்வு

மேற்கண்ட நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு, மூன்று நாட்கள்வரை தெரிவுரிமையை நிபந்தனையாக்கிக் கொள்ள எவருக்கும் இடமுண்டு என ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தனர். இதற்குக் 'கியாருஷ் ஷர்த்' என்று பெயர். காலத்தின் அளவில் அவர்கள் வேறுபட்டனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகிய இருவரும் மூன்று நாட்களைத் தாண்டலாகாது என்றனர். விற்பனை செய்த உடனே உரிமை மாறுவதே பொது விதி. விதிவிலக்கு நபிமொழி காட்டிய எல்லையிலேயே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் ஆகிய இருவரும், குறித்த காலமாயின் எத்துணை நாட்களாயினும் ஆகும் என்றனர். இமாம் மாலிக் (ரஹ்) பொருளின் தன்மையை நோக்கினார்கள். ஆடையைச் சோதிக்கத் தேவைப்படும் காலமும் வீட்டைச் சோதிக்கத் தேவைப்படும் காலமும் ஒன்றல்லவே!

உதுமானிய அரசு அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் 1869 முதல் 1876 வரை 'மஜல்லா' எனும் சட்டத் தொகுப்பை வெளியிட்டபோது, ஹனஃபி மத்ஹபைச் சார்ந்திருந்தும் இவ்விஷயத்தில் மூன்று நாள் எல்லையை ஏற்காமல், மாணவர் இருவரின் கருத்தையே ஏற்றது. வாணிபம் விரிந்த காலத்தில் மக்களின் நலனை அது கருத்தில் கொண்டது.

மற்றொரு வகை 'கியாருல் மஜ்லிஸ்'. விற்பவரும் வாங்குபவரும் பிரியாதவரை இருவருக்கும் தெரிவுரிமை உண்டு என்னும் நபிமொழியிலிருந்து எழுந்தது இது. பிரிதல் என்பது உடலால் பிரிதல் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ அவர்களும் இமாம் அஹ்மத் அவர்களும். இப்னு உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பிடித்த பொருளை வாங்கினால், விற்பனை உறுதிப்படும் பொருட்டுச் சிறிது தூரம் நடந்து செல்வார்கள் என்பது இதற்குச் சான்று. சொல்லால் பிரிதலே போதும் என்பது ஹனஃபி, மாலிகி நிலை. இந்நபிமொழியைத் தமது முவத்தாவில் அறிவித்த இமாம் மாலிக் அவர்களே, மதீனாவின் நடைமுறையில் அதற்கு வரையறை இல்லை எனக் கூறி விலகினார்கள் என்பது ஆய்வாளர் சிந்தனைக்குரியது. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளுமாக வாழும் நம் தமிழ் முஸ்லிம்கள், ஒரே கடையில் நின்று இரு சட்டங்களின்படி வாணிபம் செய்து வந்திருக்கிறார்கள் எனலாம்.

காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை தருவது 'கியாருர் ருஃயா'. ஹனஃபி அறிஞர்கள் இதற்கு உஸ்மான் (ரலி), தல்ஹா (ரலி) ஆகிய இருவருக்கிடையே நடந்த நில விற்பனையைச் சான்று காட்டுவர். நடுவராக அமர்ந்த ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள், நிலத்தைக் காணாமல் வாங்கிய தல்ஹாவுக்கே தெரிவுரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

நவீனச் சட்டங்கள்

மேலை நாடுகளில் இத்தகைய அவகாசம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நுகர்வோர் சட்டமாக வடிவெடுத்தது. வீட்டு வாசலில் வந்து பேசி மயக்கித் தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் விற்பனையாளர்களால் இல்லத்தரசிகளும் முதியோரும் பாதிக்கப்பட்டனர். எனவே பிரிட்டன் 1964-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தில் 4 நாட்கள் அளித்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1972-இல் வகுத்து 1974-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதி 3 வேலை நாட்களைத் தந்தது. ஐரோப்பியச் சமூகம் 1985-இல் குறைந்தது 7 நாட்கள் என்றது; தொலைவிலிருந்து வாங்கும் பொருட்களையும் தழுவிய 2011-ஆம் ஆண்டு நெறிமுறை அதனை 14 நாட்களாக்கியது. நம் நாட்டில் எல்லா விற்பனைக்குமான பொது அவகாசம் இல்லை. எனினும் 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் அதனை வேண்டுகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வாணிபம் என்கிறது.

இவற்றைக் கண்டு, 'எல்லாம் நம்மிடமிருந்து பெற்றவையே' என முழங்குவோர் நம்மிடையே உளர். அம்முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. மூன்று நாட்கள் என்னும் எண் ஒத்திருப்பதால் ஒன்று மற்றதன் வழித்தோன்றல் ஆகிவிடாது. வேறுபாடுகளும் வெளிப்படையானவை. கியாருஷ் ஷர்த் இரு தரப்பாரும் பேசி முடிவு செய்வது. விற்பவரும் அதனைக் கோரலாம். நவீன அவகாசமோ வாங்குபவருக்கு மட்டும், அவர் கேளாமலே சட்டம் தருவது. கேட்கத் தெரியாதவரே பெரிதும் ஏமாறுகிறவர் என்பதால் பின்னதன் பயனையும் நாம் மறுப்பதற்கில்லை. ஹப்பானுக்கும் அச்சொல் கற்றுத்தரப்பட வேண்டியிருந்ததன்றோ?

நம் கடைவீதிகள்

மதரஸாக்களில் 'கிதாபுல் புயூஃ' பாடத்தை நடத்தும்போது கியாரின் வகைகளை மாணவர்கள் பிழையின்றி ஒப்பிக்கக் கேட்கிறோம். அன்று மாலை கடைவீதிக்குச் சென்றால், நம்மவர் கடைகளிலேயே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்னும் பலகை நம்மை வரவேற்கிறது. பெருநாளுக்கு முந்தைய வாரம், துணியை மாற்றித் தர வேண்டி நின்ற முதிய பெண்மணி ஒருவருக்கு அப்பலகையே விடையாகச் சுட்டப்பட்டதை நாம் நேரில் கண்டோம். துணியில் குறையில்லை, அளவுதான் போதவில்லை. நிபந்தனை ஏதும் பேசப்படாததால் அக்கடைக்காரர் ஃபிக்ஹுப்படி தவறிழைத்தவர் என நாம் தீர்ப்புக் கூற இயலாது. குறையை அறிந்தே மறைத்து விற்றிருந்தால் மட்டும், அப்பாவத்திலிருந்து எந்தப் பலகையும் அவரை விடுவித்திராது.

ஆனால் சட்டம் முடியும் இடத்தில் இஹ்ஸான் தொடங்குகிறது. வாங்கியபின் வருந்துகிறவரிடமிருந்து பொருளை மனமுவந்து திரும்பப் பெறுதலை 'இகாலா' என்பர். அவ்வாறு செய்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்னும் நற்செய்தியை அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் காண்கிறோம். வணிகர் இழப்பது ஒரு விற்பனை. அவருக்கு வாக்களிக்கப்பட்டிருப்பது மன்னிப்பு.

நம் வணிகப் பெருமக்கள் அப்பலகையை அகற்றி, மூன்று நாட்களுக்குள் பொருளை மாற்றிக்கொள்ளலாம் என்றொரு பலகையை மாட்டினால், அது எழுதப்பட்ட கியாருஷ் ஷர்த்தாகவே அமையும். நாத் தடுமாறி 'லா கியாபா' என்று சொல்லும் ஹப்பான்கள் இன்றும் நம் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.