மாணவர் விசாவும் உறவுகளைத் தேடிய பயணங்களும்

இலண்டனில் ஒரு மாமா, பரிஸில் ஒரு சித்தி, சூரிச்சில் அப்பாவின் தம்பி. 1983க்குப் பிறகு சிதறிப்போன எமது குடும்பங்களில் இது புதினமல்ல. இவர்களில் இன்னும் குடியுரிமை கிடைக்காமல் அகதிகளுக்கான பயண ஆவணத்துடன் இருப்பவர்கள் ஊருக்கு வர முடியாது. அந்த ஆவணம் பொதுவாகச் சொந்த நாட்டைத் தவிர்த்தே வழங்கப்படுகிறது. ஆகவே வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைதான், ஊரிலிருந்து அவர்களைப் போய்ப் பார்க்கும் முதல் ஆளாக இருப்பதும் உண்டு. ஆனால் உறவுகள் பரந்திருக்கும் இடமெல்லாம் மாணவர் விசா செல்லாது.

இலண்டன் சென் பங்கிராஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் இரண்டரை மணித்தியாலத்துக்குள் பரிஸ் கார் து நோர் நிலையம். அங்கிருந்து எமது கடைகள் நிறைந்த லாச்சப்பல் நடைதூரம். எனினும் இலங்கைக் கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவில் படிப்பவருக்கு ஷெங்கன் விசா இல்லாமல் அந்த ரயிலில் ஏற முடியாது. பிரெஞ்சு எல்லை அதிகாரிகள் இலண்டன் நிலையத்திலேயே கடவுச்சீட்டைப் பார்க்கிறார்கள். இந்த விசாவுக்குப் பிரித்தானியாவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். சித்தி வீட்டில் தங்குவதானால், மேரி எனப்படும் நகரசபை அலுவலகத்தில் அவர் எடுத்துத் தரும் வரவேற்புச் சான்றிதழ் தேவைப்படும். பரிஸில் நான்கு நாள், சூரிச்சில் இரண்டு நாள் என்றால் கூடுதல் நாட்கள் தங்கும் பிரான்ஸிடமே விண்ணப்பிக்க வேண்டும். கோடை விடுமுறையில் விண்ணப்பம் கொடுக்கச் சந்திப்பு நேரம் கிடைப்பதே சிரமம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க அனுமதி இருப்பதால் பிந்த வேண்டியதில்லை.

அயர்லாந்தில் ஒரு சிக்கல் உண்டு. பெல்பாஸ்ட் பிரித்தானியாவின் பகுதி, அங்கு தாராளமாகப் போகலாம். அங்கிருந்து டப்ளினுக்குப் போகும் பாதையில் நிரந்தரச் சோதனைச் சாவடி கிடையாது. சாவடி இல்லை என்பதற்காக அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. டப்ளினுக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும்.

ஜேர்மனியில் படிப்பவரின் நிலை வேறு. அந்நாட்டு வதிவிட அனுமதியுடன் ஷெங்கன் நாடுகளுக்குள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை போய்வரலாம். சுவிற்சர்லாந்தும் இதில் அடங்கும். பிரைபேர்க்கிலிருந்து பாசலுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணமும் கிடையாது. பிரைபேர்க் அமைந்துள்ள பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் விதிவிலக்காக, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. வாழ்க்கைச் செலவுக்காக ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கொன்றில் வைப்பிட்டுக் காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். பெருந்தொகைதான். ஆனாலும் உறவினர் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக இலண்டனைத் தெரிவு செய்யும் குடும்பங்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பயணத்தைவிட அதிகம் பிழைத்துப்போகும் இடம் வேலை. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். கிழமை என்பது திங்கள் தொடக்கம் ஞாயிறு வரை. இந்தக் கிழமை 30, அடுத்த கிழமை 10 என்று சரிக்கட்ட முடியாது. முதுமாணி மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் கோடை மாதங்களும் பொதுவாகத் தவணைக் காலமே என்பது பலருக்குத் தெரிவதில்லை. செயலி வழி உணவு விநியோகம் சுயதொழிலாகக் கருதப்படுவதால் அறவே கூடாது.

மாமாவின் கடையில் சம்பளமின்றி 'உதவிக்கு நிற்பது' வேலையில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. சம்பளம் இல்லாத வேலையும் அந்த 20 மணித்தியாலத்துக்குள் சேரும். மீறினால் பிள்ளையின் விசா இரத்தாகலாம். கடைக்காரருக்கு முதல் தடவையிலேயே ஆளொருவருக்கு 45,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். காணியை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளையைக் கல்லாவில் நிறுத்தும் முன் மாமாவும் மாமியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கிழமை ஏற்கெனவே எத்தனை மணித்தியாலம் வேலை செய்தாய் என்பதுதான்.