முட்டை வெண்கருவும் புரட்டிப் படுக்கவைத்த கைகளும்: படுக்கைப் புண் கைமருந்துகள் பற்றி

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டன், அமெரிக்க மருத்துவமனைகளில் படுக்கைப் புண்ணுக்கு முட்டை வெண்கருவை அடித்துப் பூசுவது வழக்கம். பூசியபின் ஆக்சிஜன் குழாயைப் பிடித்து, அது உலரும்வரை வாயுவைச் செலுத்துவார்கள். மூத்த செவிலியர் இளையவருக்குக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொடுத்த முறை இது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம், சர்க்கரை, தேன் ஆகியவையும் இப்படியே வார்டுக்குள் வந்தன. இவற்றை மூடப்பழக்கம் என்று தள்ளுவோரும் பாட்டி வைத்தியம் என்று போற்றுவோரும் பூசிய பொருளை மட்டுமே பார்க்கிறார்கள். பூசுவதற்காகச் செவிலியர் என்ன செய்தார் என்பதை இரு தரப்பாரும் கவனிப்பதில்லை.

எலும்பு முனைக்கும் மெத்தைக்கும் இடையில் தசை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது படுக்கைப் புண். மேலே தடவும் எதுவும் அந்த அழுத்தத்தைக் குறைக்காது. ஆனால் முதுகின் அடிப்பகுதியில் வெண்கரு பூச வேண்டுமென்றால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தாக வேண்டும். உலரும்வரை அப்படியே வைத்திருக்கவும் வேண்டும். ஒவ்வொரு முறை பூசும்போதும் புண்ணுக்கு அழுத்தத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஆறியதற்கான பெயரை வெண்கரு தட்டிக்கொண்டு போனது என்பதே என் வாதம். டோரீன் நார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் மருத்துவமனை முதியோரைப் பற்றி 1962இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. அடிக்கடி நிலைமாற்றிப் படுக்கவைப்பதே புண்ணைத் தடுக்கும் முதன்மை வழி என்பதை அது நிறுவியது.

கைமருந்து வீட்டிலிருந்துதான் வரும் என்பதும் சரியன்று. நம் மருத்துவமனைகளில் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது செவிலியர் பயிற்சியிலேயே இடம்பெற்றிருந்தது. ஸ்பிரிட் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்து உலர்த்திவிடும். சிவந்துபோன இடத்தை அழுத்தித் தேய்த்தால், ஏற்கெனவே இரத்தம் குன்றிய திசு மேலும் சிதையும். இன்றைய வழிகாட்டு நெறிகள் அப்படித் தேய்ப்பதைக் கூடாது என்கின்றன. அங்கேயும் நன்மை ஏதும் விளைந்திருந்தால், அது முதுகைக் காட்டத் திரும்பிப் படுத்ததால் விளைந்ததே.

எல்லாக் கைமருந்துக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. தீக்காயம் அழுத்தத்தால் வருவதன்று. அங்கே பூச்சுக்கும் போர்வைக்கும் தனி மதிப்புண்டு. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. இலை புண்ணின் ஈரத்தைக் காக்கும்; அப்படி ஈரம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் விரைந்து படர்வதை ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் சோதித்துக் காட்டியதும் அதே 1962இல்தான். மும்பையில் மருத்துவர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் காஸ் துணியில் ஒட்டி, ஆட்டோகிளேவில் தூய்மைசெய்து, தீக்காயத்துக்குக் கட்டினார். பிறகு கோரேயும் அகோலேகரும் அதை வாழையிலையோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினார்கள். ஆற்றுவதில் இரண்டும் ஒத்திருந்தன. இலைக்கட்டு 11 மடங்கு மலிவாகவும் தயாரிக்க எளிதாகவும் இருந்தது. இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது. கட்டுப் பிரிக்கும்போது புதுத்தோல் பிய்ந்து வராது. ஏழை நாட்டு வார்டுக்கு இது சிறிய செய்தியன்று.

தேன் வெண்கருவுக்கும் வாழையிலைக்கும் நடுவில் நிற்கிறது. அதன் அடர்த்தி நீரை உறிஞ்சிக் கிருமியை ஒடுக்குகிறது. அதிலுள்ள நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. தேனிட்டால் ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிட நான்கைந்து நாள் முன்னதாக ஆறுவதாகக் காக்ரேன் தொகுப்பாய்வு 2015இல் கண்டது. படுக்கைப் புண்ணுக்கு அத்தகைய உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. கடையில் வாங்கும் தேனில் பாக்டீரியா வித்துகள் இருக்கலாம் என்பதால், மருத்துவத் தேனைக் காமாக் கதிரால் தூய்மைசெய்கிறார்கள்.

எனவே படுக்கைப் புண்ணில் ஒரு கைமருந்தைச் சோதிக்க முனைவோர் முதலில் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்: மருந்திட்டவரும் இடாதவரும் ஒரே இடைவெளியில் புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார்களா? அந்தக் கணக்கு நோயாளிக் குறிப்பேட்டில் இல்லையென்றால், ஆறியதற்கு எது காரணம் என்று சொல்ல வழியில்லை.