காற்றும் சுமையே

எஞ்சினின் ஆற்றல் அது உட்கொள்ளும் காற்றைப் பொறுத்தது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், விசை பெருகும். காற்றை அழுத்தி உட்செலுத்தும் கருவியே சூப்பர்சார்ஜர். ஆயின், அவ்விசையைத் தாங்கும் உரம் எஞ்சினுக்கு உண்டா? இவ்வினா, 1920-களின் இறுதியில், இங்கிலாந்தில் இருவரை எதிரெதிரே நிறுத்தியது.

வேகம் வேண்டின் எஞ்சினையே பெரிதாக்குக என்றார், பென்ட்லி கார்களைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி. பந்தய வீரர் டிம் பர்கின் உடன்படவில்லை. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் வகுத்த சூப்பர்சார்ஜரை நாலரை லிட்டர் எஞ்சினில் பூட்டச் செய்தார். சாலைக் காரில் 110 ஆக இருந்த குதிரைத்திறன் 175 ஆயிற்று. பந்தயக் காரில் 240-ஐ எட்டியது.

1930-இல், பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம். பர்கின் குழுவின் இரு கார்களும் மின்னலெனப் பாய்ந்தன. ஆனால் எஞ்சின் பழுதுற்று இரண்டும் விலகின. சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லிகளே முதலிரண்டு இடங்களைப் பெற்றன. அவ்வாண்டே, போ நகரில் நடந்த சுமார் 400 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் பர்கின் இரண்டாமிடம் பெற்றார். குறுகிய ஓட்டத்தைத் தாங்கிய எஞ்சின் நெடிய ஓட்டத்தில் தளர்ந்தது.

நாம் அறிய வேண்டுவது இதுவே: சூப்பர்சார்ஜரைப் பழிப்பதிற் பயனில்லை. காற்றழுத்தத்தை அளவோடு நிறுத்தி, எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைத்து, மிகும் வெப்பம் வெளியேற வழிசெய்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத காற்றும் சுமையே. தாங்கும் அச்சை அறிந்தே அதனை ஏற்றுதல் நன்று.