தீர விசாரிப்பது எப்படி?

விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகிறோம். எதிரே ஒருவர் வருகிறார். நடையைப் பார்த்ததும், "அடுத்த லயத்து அண்ணன்தானே?" என்று குரல் கொடுக்கிறோம். அருகில் வந்தால் வேறு ஆள்! சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். இதே தவறு நீதிமன்றத்தில் நேர்ந்தால் என்னவாகும்? ஒருவருடைய வாழ்வே பாழாகிவிடும் அல்லவா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தீர விசாரிப்பது எப்படி என்பதை, ஓர் உண்மை வரலாற்றின் வழியாக இன்று பார்ப்போம்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இலண்டன் நகரத் தெரு ஒன்றில் அடால்ஃப் பெக் என்ற நார்வே நாட்டவரை ஒரு பெண் கண்டார். தம்மை ஏமாற்றி நகைகளைக் கொண்டுபோனவர் இவரே என்று குற்றம் சாட்டினார். காவலர்கள் பெக்கைப் பிடித்து, அடையாள அணிவகுப்பில் நிறுத்தினர். வரிசையில் நின்றவர்களுள் நரைத்த முடியும் மீசையும் உடையவர் அவர் ஒருவரே! அதே முறையில் ஏமாந்த வேறு பல பெண்களும் அவரையே சுட்டிக் காட்டினர். 1877இல் இத்தகைய மோசடிக்காகத் தண்டனை பெற்ற ஜான் ஸ்மித் என்பவனும் இவர்தான் என்று பழைய காவலர் ஒருவர் உறுதி கூறினார்.

அந்த ஆண்டில் தாம் தென் அமெரிக்காவில் இருந்ததாகப் பெக் மன்றாடினார். அந்தப் பழைய வழக்கைப் பற்றி விசாரிக்கவே நீதிபதி இடம் தரவில்லை. 1896இல் பெக்குக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1898இல் பழைய சிறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்மித் சுன்னத் செய்யப்பட்டவன் என்று அதில் எழுதியிருந்தது. பெக் அப்படிப்பட்டவர் அல்லர். இருவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. ஆயினும் தீர்ப்பு மாறவில்லை.

1901இல் வெளியே வந்த பெக்கை, 1904இல் மீண்டும் அதே குற்றத்துக்காகப் பிடித்தனர். மறுபடியும் பெண்கள் அவரையே அடையாளம் காட்டினர். அவர் காவலில் இருந்தபோதே அதே மாதிரி மோசடி மீண்டும் நடந்தது. உண்மைக் குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டான். பெக் விடுதலையானார். முடிவில் 5,000 பவுன் இழப்பீடும் பெற்றார். 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைவதற்கு இவ்வழக்கு முக்கியமான ஒரு காரணமாயிற்று.

அந்தப் பெண்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. கண்டதைக் கண்டபடி சொல்வதாகவே நம்பினார்கள். "பெக்தான் குற்றவாளி" என்பது காவலர்களின் எண்ணம். இவ்வாறு இன்னும் சோதித்துப் பார்க்காத எண்ணத்தை ஆராய்ச்சியாளர்கள் 'கருதுகோள்' என்பார்கள். கருதுகோள் கொள்வது குற்றமன்று. ஆனால், அது தவறாக இருந்தால் தவறென்று காட்டிவிடக்கூடிய சோதனை வேண்டும். நரைத்த தலை ஒன்றே ஒன்று நிற்கும் வரிசையில் அத்தகைய சோதனைக்கு இடம் ஏது?

பிற்காலத்தில் அமெரிக்க உளவியல் அறிஞர் கேரி வெல்ஸ், சாட்சிகளைப் பற்றியே ஒரு கருதுகோளை முன்வைத்தார். சாட்சிகள் பலர், வரிசையில் நிற்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, குற்றவாளியைப் போலவே அதிகம் தோன்றுகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். இதைச் சோதிப்பது எப்படி? குற்றவாளியின் படத்தையே எடுத்துவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். உண்மையிலேயே அடையாளம் கண்டவர்கள், "இதில் அவன் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும் அல்லவா?

1993இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நடித்துக் காட்டிய குற்றம் ஒன்றைப் பார்த்தவர்கள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். குற்றவாளியின் படம் இருந்த குழுவில் நூற்றுக்கு 54 பேர் அவனைக் காட்டினர். 21 பேர் யாரையும் காட்டவில்லை. அவன் படத்தை எடுத்துவிட்ட குழுவில், யாரையும் காட்டாதவர்கள் 32 பேர்தான். மற்ற 68 பேரும் குற்றமற்ற ஒருவரைச் சுட்டிக் காட்டினர்! வெல்ஸின் கருதுகோள் சோதனையைத் தாங்கி நின்றது.

இத்தகைய ஆய்வுகளால் சில நல்ல விதிகள் பிறந்தன. "குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சந்தேகத்துக்குரியவர் மட்டும் தனித்துத் தெரியக்கூடாது. அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கு, அவர் யார் என்பதே தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால், தம்மை அறியாமலே முகக்குறிப்பால் காட்டிவிடக்கூடும்.

நேயர்களே, லயத்தில் ஒரு பொருள் காணாமற்போனால், "அவன்தான் எடுத்திருப்பான்" என்ற பேச்சு உடனே எழுகிறது. நாலு பேர் அதையே திரும்பச் சொன்னால் அது உண்மை ஆகிவிடாது. பெக்கையும் பலர்தான் காட்டினார்கள். "நம் எண்ணம் தவறாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்போம்?" என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். தீர விசாரிப்பது அங்கேதான் தொடங்குகிறது.