ஒப்பினெல் கத்தி

ஒப்பினெல் கத்தி என்பது பிரான்சின் சவோய் பகுதியில் 1890ஆம் ஆண்டு ஜோசப் ஒப்பினெல் என்பவர் உருவாக்கிய, மரப்பிடியுள்ள மடக்குக் கத்தி ஆகும். தொடக்கத்தில் இதற்குப் பூட்டு இல்லை. அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரலைப் பதம்பார்க்கும் வாய்ப்பு இருந்தது. 1955இல் மார்செல் ஒப்பினெல் அமைத்த சுழல் வளையம் இக்குறையைப் போக்கியது. கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது.

முகாமிடுவோருக்கு 8.5 செமீ அலகுள்ள 8ஆம் எண் கத்தி பெரும்பாலும் போதுமானது. கரிம எஃகு அலகை எளிதில் தீட்டலாம். ஆனால் ஈரத்தில் துருவேறும். எனவே மீன்பிடிப்புக்கு, சிறப்பாகக் கடலோரத்தில், துருப்பிடிக்காத எஃகு அலகே ஏற்றது. எந்த அலகானாலும் பீச் மரப்பிடி நீரில் ஊறினால் உப்பி, அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். மீன் அகப்பட்ட வேளையில் திறக்க முடியாத கத்தியால் பயனில்லை. ஆகவே கழுவியபின் திறந்த நிலையிலேயே உலர்த்துதல் வேண்டும்.