அடக்கப்பட்ட ஓமோனும் அடங்காத ஐயங்களும்: லூப்ரோன் மருந்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு மருந்தின் வரலாற்றை இருவகையாக எழுதலாம். ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியை நோக்கி எழுதுவது ஒருவகை. நோயாளியிடமிருந்து ஆய்வுகூடத்தை நோக்கி எழுதுவது மற்றொருவகை. முன்னையதற்குச் சான்றுகளுக்குக் குறைவில்லை. ஆய்வேடுகளும் அனுமதிப் பத்திரங்களும் நோபெல் பரிசு உரைகளும் ஒழுங்காகப் பேணப்பட்டுள்ளன. பின்னையதற்கான சான்றுகளோ முறைப்பாட்டுக் கடிதங்களிலும் நீதிமன்றப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. லூப்ரோன் என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் லூப்ரோலைட் மருந்தினை இவ்விரு திசைகளிலும் நின்று நோக்கின், அதன் பாதுகாப்புப் பற்றி நோயாளர் எழுப்பிய வினாக்கள் நெடுங்காலம் விடையின்றி நின்றமைக்கான காரணம் ஓரளவு புலப்படும்.

ஓமோனை அடக்கி நோயைத் தணிக்கலாம் என்னும் எண்ணம் இம்மருந்துக்கு மிகவும் முற்பட்டது. 1941 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹகின்ஸ், கிளறன்ஸ் ஹொட்ஜஸ் ஆகியோர், ஆண்களின் முன்னிற்கும் சுரப்பியில் தோன்றிப் பரவிய புற்றுநோயானது விதைகளை அகற்றுவதாலோ ஈஸ்திரோஜன் கொடுப்பதாலோ தணிகின்றது எனக் காட்டினர். இப்பணிக்காக ஹகின்ஸுக்கு 1966 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் அறுவைச் சிகிச்சையைப் பலர் விரும்பவில்லை. செயற்கை ஈஸ்திரோஜனாகிய ஸ்ரில்பெஸ்ற்றோலும் துன்பம் தராததன்று. 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவில் அதனை உட்கொண்டோரிடையே இதயநோய், குருதிக்குழாய் நோய் ஆகியவற்றால் நேர்ந்த இறப்பு மிகுந்ததை வெளிப்படுத்தியது. புற்றுநோய்க்குத் தப்பியவரை இதயநோய் கொண்டுசென்றது. ஆகவே மூன்றாவது வழியொன்று தேவைப்பட்டது.

அவ்வழி எதிர்பாராத இடத்திலிருந்து திறந்தது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ், கபச்சுரப்பியைத் தூண்டிப் பாலோமோன்களைச் சுரக்கச் செய்யும் சிறு பொருளொன்றை வெளியிடுகின்றது. இதன் அமைப்பினை அன்ட்ரூ ஷாலியின் குழுவினர் 1971 இல் வெளியிட்டனர். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் பரிவகக்கீழிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த பொருள் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவானதே. பத்து அமினோ அமிலங்களாலான ஒரு சிறு சங்கிலி அது. செம்மறியாடுகளைக் கொண்டு ஆராய்ந்த றோஜர் கில்லமினும் ஷாலியும் 1977 ஆம் ஆண்டு நோபெல் பரிசின் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். அவ்விருவரிடையே நிலவிய போட்டியைப் பற்றித் தனிநூல் எழுதப்பட்டுள்ளது. ஈண்டு அது வேண்டப்படுவதன்று.

இச்சங்கிலியின் ஆறாம் அமினோ அமிலத்தை மாற்றி, இறுதி முனையையும் சற்றே திருத்தி ஆக்கப்பட்டதே லூப்ரோலைட். இயற்கைப் பொருளிலும் பன்மடங்கு வலிமை வாய்ந்த இது, பாலோமோன்களைப் பெருக்க வேண்டுமென்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஏர்ன்ஸ்ற் நோபிலும் அவருடன் பணியாற்றியோரும் குரங்குகளில் நடத்திய பரிசோதனை இதன் இயல்பை 1978 இல் தெளிவாக்கியது. பரிவகக்கீழின் பணி இழந்த குரங்குகளுக்கு இப்பொருளை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் செலுத்தியபோது கபச்சுரப்பி இயங்கியது. இடைவிடாது செலுத்தியபோது அது தன் தொழிலை நிறுத்திக்கொண்டது. ஓயாது தட்டப்படும் கதவை வீட்டார் திறவாது விடுவது போன்றதே இது. முதலிரு வாரங்களில் ஓமோன் உயர்ந்து, பின்னர் ஏறக்குறைய அற்றுப்போகின்றது. அத்தொடக்க உயர்வினால் புற்றுநோயாளர் சிலருக்கு என்புவலி கடுமையாவதும், முதுகெலும்பில் நோய் பரவியிருப்பின் முள்ளந்தண்டு நாண் நெருக்குண்பதும் உண்டு. தூண்டும் பொருளொன்று அடக்கும் மருந்தான விந்தை இவ்வாறு தொடக்கத்திலேயே தன் விலையைக் கேட்டது.

ஜப்பானின் டகேடாக் கம்பனியும் அமெரிக்காவின் அபொட் கம்பனியும் இணைந்து 1977 இல் உருவாக்கிய ரப் என்னும் நிறுவனம் இம்மருந்தினைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1985 இல் முற்றிய முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அதுவரை நாள்தோறும் ஏற்றப்பட்ட ஊசி, 1989 இல் மாதம் ஒருமுறை ஏற்றும் வடிவம் பெற்றது. மருந்து அடங்கிய நுண்கோளங்கள் தசையில் தங்கி மெல்லக் கரைவன. இது வசதியானதே, ஆயினும் ஏற்றிய ஊசியை மீளப்பெறல் இயலாது. மாத்திரையால் துன்புறுபவர் மறுநாளே அதனை நிறுத்தலாம்; இவ்வூசியால் துன்புறுபவரோ மாதம் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். நோயாளரின் அச்சத்தில் இதற்குள்ள பங்கினை மருத்துவ ஏடுகள் போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை.

1990 இல் எண்டோமெற்றியோசிஸ் நோய்க்கும், 1993 இல் காலத்துக்கு முன் பூப்பெய்தும் சிறுவருக்கும் இம்மருந்து அனுமதிக்கப்பட்டது. முன்னையது கருப்பையின் உட்படையை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து பெருவலி தரும் நோயாகும். அந்நோயுற்ற பெண்களுட் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். உடலுக்கு வெளியே கருக்கட்டும் சிகிச்சையிலும் இது பரவலாகக் கையாளப்பட்டது. அப்பயன்பாட்டுக்கு மேற்படி நிர்வாகத்தின் அனுமதி பெறப்படவில்லை. உயிரைக் காக்கும் நோக்குடன் வயது முதிர்ந்த ஆண்களுக்கு ஆக்கப்பட்ட மருந்து, இளம்பெண்களையும் சிறுமியரையும் சென்றடைந்தது. நன்மை தீமைகளை நிறுக்கும் தராசு இவ்விடத்தில் மாறியிருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

பெண்களின் முறைப்பாடுகள் எத்தகையன? உடல் வெப்பேற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு, மூட்டுவலி, மறதி என்பன அவற்றுட் சில. இவற்றிற் பெரும்பாலானவை மருந்துத் தாளிலேயே குறிக்கப்பட்டிருந்தன. ஈஸ்திரோஜன் அற்றுப்போனால் இவை தோன்றுதல் இயல்பு என்றும், மருந்தை நிறுத்தின் நீங்கும் என்றும் விடை கூறப்பட்டது. சிக்கல் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. ஓமோனை அடக்குவதே மருந்தின் தொழிலாதலின், ஓமோன் இன்மையால் விளையும் துன்பம் யாவும் மருந்து நன்கு வேலைசெய்வதற்குரிய அடையாளமாகவே கொள்ளப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட துன்பத்தை எவரும் ஆராய்வதில்லை. ஆகவே, மருந்தை நிறுத்தி ஆண்டுகள் கழிந்த பின்னரும் துன்பம் நீங்கவில்லை எனக் கூறிய பெண்ணின் சொல்லை வைத்து எண்ணுதற்கு ஓர் ஏடும் இருக்கவில்லை.

என்பு பற்றிய ஐயம் மட்டும் விரைவில் ஏற்கப்பட்டது; அதனை அளக்கக் கருவி இருந்தது. ஆறுமாத சிகிச்சையில் முதுகெலும்பின் அடர்த்தி சராசரி 3 வீதமளவில் குறைவது அறியப்பட்டதால், எண்டோமெற்றியோசிஸுக்கு முதற்சிகிச்சை ஆறு மாதம் என வரையறுக்கப்பட்டது. பின்னர் நோரெதின்ட்ரோன் என்னும் ஓமோனைச் சிறிதளவில் உடன்கொடுத்து அவ்விழப்பைக் குறைக்கும் முறையும் வந்தது. அளக்கக்கூடிய துன்பம் விதியாயிற்று. அளக்கவியலாத மறதியும் சோர்வும் பெண்ணின் மனநிலையோடு சேர்த்துப் பேசப்பட்டன. மருத்துவத்தில் இது புதியதன்று. 1970 இல் கருத்தடை மாத்திரை பற்றி அமெரிக்க மேற்சபை உறுப்பினர் கேலோட் நெல்சன் விசாரணை நடத்தியபோது, மாத்திரை உட்கொண்ட பெண்ணொருத்தியேனும் ஏன் சாட்சியாக அழைக்கப்படவில்லை எனச் சபையிலிருந்த பெண்கள் எழுந்து கேட்டமை நினைவுகூரத்தக்கது.

ஆண்களின் நிலை வேறுவகையிற் தெளிவுபெற்றது. முதியோருக்கான அரச காப்புறுதியின் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தமையால், ஆராய்வோர் அவற்றை எண்ண முடிந்தது. 2005 இல் வெளியான ஆய்வொன்று, நோய் கண்டறியப்பட்டபின் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தவர்களுள், ஓமோன் அடக்கப்பட்டோரில் 19.4 வீதத்தினருக்கும் அடக்கப்படாதோரில் 12.6 வீதத்தினருக்கும் என்புமுறிவு நேர்ந்ததைக் காட்டியது. 73,196 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து நான்சி கீற்றிங்கும் பிறரும் 2006 இல் எழுதிய கட்டுரை, நீரிழிவு ஏற்படும் ஆபத்து 44 வீதமும் முடியுருநாடி இதயநோயின் ஆபத்து 16 வீதமும் கூடியதாகக் கூறிற்று. இதயநோயால் நேரும் இறப்பு மிகவில்லை எனப் பிற்காலத் தொகுப்பாய்வொன்று கண்டமையும் மறைக்கத்தக்கதன்று. எவ்வாறாயினும் 2010 இல் இவ்வகை மருந்துகள் அனைத்தினதும் தாள்களில் நீரிழிவு, இதயநோய் பற்றிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. முதல் அனுமதிக்கும் இவ்வெச்சரிக்கைக்கும் இடைப்பட்ட காலம் இருபத்தைந்து ஆண்டுகள்.

இவ்விடைக்காலத்தில் ரப் நிறுவனம் தண்டிக்கப்படாமலில்லை. 2001 இல் அது 87.5 கோடி டொலர் செலுத்த இணங்கியது. ஆனால் குற்றம் பாதுகாப்புப் பற்றியதன்று. வைத்தியர்களுக்கு இலவச மாதிரிகளைக் கொடுத்து, அவற்றுக்கு அரச காப்புறுதியிடம் பணம் கோர வழிசெய்தமையே குற்றம். பணம் மருந்துச் சீட்டினை எவ்வளவு தூரம் ஆட்டிவைத்தது என்பதற்குப் பின்னர் ஒரு சான்று கிடைத்தது. இவ்வூசிக்கு வைத்தியர் பெறும் கொடுப்பனவை அரசு குறைத்ததும், அது தேவைப்படாத புற்றுநோயாளரிடையே அதன் பயன்பாடு 2003 இல் 38.7 வீதமாயிருந்து 2005 இல் 25.7 வீதமாக வீழ்ந்தது. உண்மையில் தேவைப்பட்டோரிடையே குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நோயாளர் பல ஆண்டுகள் கேட்டும் நிகழாததை ஒரு விலைப்பட்டியல் ஈராண்டில் நிகழ்த்தியது.

முறைப்பாடுகள் தாமாகவே நிறுவலாகா என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் மருந்து நிர்வாகத்துக்கு எழுதினும், அத்துன்பம் மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்பதைக் கடிதம் சொல்லாது. மருந்தினால் வலி நீங்கிப் பயனுற்ற பெண்கள் கடிதம் எழுதுவதுமில்லை. ஆயின் நிறுவப்படாமையும் நிகழாமையும் ஒன்றல்ல. நீடித்த ஆய்வு நடத்தும் வலு மருந்தை விற்பவரிடமும் அனுமதிப்பவரிடமுமே உண்டு. அவர்கள் நடத்தாத ஆய்வின் இன்மையை நோயாளிக்கு எதிரான சான்றாகக் காட்டுதல் நியாயமாகாது.

சிறுமியரின் நிலையே மிகவும் கருதத்தக்கது. காலத்துக்கு முந்திய பூப்பினை நிறுத்தி உயரத்தைப் பேணுவதில் இம்மருந்தின் பயன் மறுக்கவியலாதது. சிகிச்சை முடிந்தபின் என்பின் அடர்த்தி இயல்புநிலைக்கு மீள்வதாகச் சிறு ஆய்வுகள் பல கூறுகின்றன. மறுபுறம், சிறுவயதில் ஊசி பெற்ற சில பெண்கள் இளமையிலேயே என்புமெலிவும் மூட்டுநோயும் உற்றதாகக் கூறியவை 2017 இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்தன. 2022 இல், மூளைக்குள் அமுக்கம் உயர்ந்து தலைவலியும் பார்வைக்குறைவும் ஏற்படுத்தும் நிலை பற்றிய எச்சரிக்கை சிறுவருக்கான தாளில் சேர்க்கப்பட்டது. அதற்கு அடிப்படையானவை ஆறு சிறாரின் பதிவுகள் மட்டுமே. முறைப்பாடு கவனமாக வாசிக்கப்படின் ஆறு பேரின் சொல்லும் போதுமானது என்பதற்கு இது சான்று.

1993 இல் ஆறு, ஏழு வயதில் முதலூசி பெற்ற சிறுமியர் இன்று நாற்பதை அணுகுகின்றனர். இயற்கையான மாதவிடாய் நிறுத்தமும் அதனுடன் வரும் என்பிழப்பும் அவர்களை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எதிர்நோக்கும். அப்போது அவர்களைப் பரிசோதிக்கும் வைத்தியர், சிறுவர் மருத்துவமனையின் பழைய ஏட்டைக் கண்டிருக்கமாட்டார். அக்காலத்து ஊசியின் பெயரை நோயாளியே நினைவில் வைத்திருந்து அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.