அரிக்கமேட்டுக் கரையிலிருந்து போலான் கணவாய் வரை

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அரிக்கமேடு இருக்கிறது. ஆறு கரையை அரிக்க அரிக்க, காக்காயன்தோப்புச் சிறுவர்களின் கைக்கு வண்ணக் கற்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. 1937இல் அக்கற்கள் பேராசிரியர் கப்ரியேல் ழுவோ துப்ரேயின் பார்வைக்கு வந்தன. புதுவைப் பிரெஞ்சுக் கல்லூரியின் ஆசிரியரான அவர், பல்லவர் வரலாற்றுக்காகவும் தென்னாட்டுக் கோயிற்கலைக்காகவும் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அலைந்தவர். சிறுவர்களின் விளையாட்டுப் பொருளில் ஒரு பழைய துறைமுகத்தின் சுவடு தெரிவதை உடனே உணர்ந்தார். நமது புதுவையின் அகழாய்வு மரபுக்கு மூலவர் அவரே.

நாற்பதுகளின் தொடக்கத்தில், உலகப் போரின் நெருக்கடிக்கு நடுவே, அருட்தந்தை ஃபொஷேயும் சுர்லோவும் மேட்டைத் தோண்டினார்கள். பெரிய நிதியோ கருவிகளோ இன்றி அவர்கள் செய்த பணியை இங்கே நன்றியோடு பதிவு செய்வது நம் கடமை. 1945இன் கோடையில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வந்தார். மண்ணடுக்குகளை ஒன்றோடொன்று கலக்காமல் படித்து, காலத்தை வரையறுத்தார். ரோமானிய நாட்டுடன் நடந்த வணிகம் உறுதியானது அப்போதுதான். அதே ஆண்டில் ழுவோ துப்ரேய் மறைந்தார்.

ரோமானியப் பானை ஓடுகள் பெற்ற புகழை அரிக்கமேட்டின் கல்வேலை பெறவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், பளிங்கு ஆகியவற்றின் மூலக்கட்டிகள், உடைந்த சில்லுகள், துளையிடாத அரைகுறை மணிகள் என வேலையின் ஒவ்வொரு நிலையும் அங்கே மண்ணில் கிடந்தது. கட்டியைத் தட்டிச் சில்லு பெயர்த்து உருவம் கொண்டுவருவது, சூதுபவளத்தைச் சூடேற்றிச் சிவக்க வைப்பது, உரைத்து வழவழப்பாக்குவது, துளையிடுவது என்ற வரிசையைக் கழிவுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். கல்லைத் தட்டும் கையின் இன்னும் பழைய தடங்கள் உள்ள வறண்ட நிலங்களுக்குப் பின்னர் அகழாய்வு செய்யச் சென்ற ஒருவரும் இந்த மேட்டில் பணியாற்றியவர்தான்.

அவர் ழான் மரி கசால். 1947 முதல் 1950 வரை, இந்தியா விடுதலை பெற்றுப் புதுவை பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்த கொந்தளிப்பான காலத்தில், அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். சுத்துக்கேணி, முத்திரைப்பாளையம் ஈமக்காடுகளையும் ஆராய்ந்தார். அந்த முடிவுகள் 1956இல் நூலாயின.

ஐம்பதுகளில் கசால் ஆப்கானிஸ்தான் சென்றார். காந்தகாருக்கு அருகே முண்டிகாக் மேட்டை 1951 முதல் 1958 வரை அகழ்ந்தார். பின்னர் 1959 முதல் 1962 வரை சிந்துவில் ஆம்ரி மேட்டை அகழ்ந்தார். சிந்து வெளியின் கற்கருவிகளைப் பேசும்போது அதே சிந்துவில் உள்ள ரோரிக் குன்றுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. தார்ப் பாலையின் ஓரத்தில் உள்ள அக்குன்றுகளின் செர்ட் என்னும் கடினக் கல்லில், முதலில் மூலக்கல்லின் ஒரு பக்கத்தில் முகடு ஒன்றைச் செதுக்குவார்கள். முகட்டோடு முதல் அலகு, அதாவது நீண்ட மெல்லிய கற்சில்லு, பெயர்ந்ததும், அது விட்டுச்சென்ற விளிம்பைப் பிடித்து அடுத்தடுத்த அலகுகள் நீண்டு, நேராக, ஒரே அகலத்தில் வரும். அரப்பா நகரங்களின் கத்திகள் இப்படிப் பிறந்தவை.

அறுபதுகளின் இறுதியில் பலுசிஸ்தானத்துப் பிராக்கில் கசாலோடு ழான் பிரான்சுவா ழாரிழ் என்னும் இளையவர் சேர்ந்தார். 1974இல் ழாரிழின் குழு போலான் கணவாயின் அடிவாரத்தில் மெஹர்கர் அகழாய்வைத் தொடங்கியது. அந்தச் சமவெளியின் பெயர் கச்சி.  கோடையில் உயிர் வாட்டும் வெப்பம் கொண்ட வறண்ட மண் அது. அங்கும் ஓர் ஆறுதான் கரையை அறுத்துப் பழைய அடுக்குகளைத் திறந்து காட்டியது. கி.மு. 7000 அளவில் அங்கு வாழ்ந்த முதல் உழவர்கள் சிக்கிமுக்கிக் கல்லில் மெல்லிய அலகுகளைப் பெயர்த்து, அவற்றைச் சாய்வாக நிலக்கீலில் பதித்து அரிவாள் செய்தார்கள். பிறையும் சரிவகமுமான நுண்கற்கருவிகளும் அவர்களிடம் இருந்தன. இறந்தவரோடு மூலக்கல்லையும் அலகுகளையும் தீட்டிய கற்கோடரியையும் புதைத்தார்கள். சில குழிகளில் ஆட்டுக்குட்டிகளையும் கிடத்தினார்கள்.

எண்பதுகளின் இறுதியில் மரபு தான் பிறந்த மேட்டுக்குத் திரும்பியது. விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. வி. ராமனும் 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தார்கள். அந்த அகழாய்வின் முதல் தொகுதியை 1996இலும் இரண்டாம் தொகுதியை 2004இலும் தூரகிழக்கு பிரெஞ்சுப் பள்ளி வெளியிட்டது.

2006இல் மெஹர்கரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில், அவர்கள் உயிரோடு இருந்தபோதே சிக்கிமுக்கி முனையால் துளையிட்டிருந்தார்கள். காலம் 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முன். மணி துளைத்துப் பழகிய கைதான் பல்லையும் துளைத்தது என்பது ஆய்வாளர் கருத்து. புதுவை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைப் பார்க்கும்போது அந்தக் கையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.